இங்கே நின்று படம் எடுக்கவும்

கொரியப் பண்பாட்டின் மேல் காதல் கொண்டு, இந்த விடுமுறைக்குச் சியோல் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் அன்பர்களே, தயங்காமல் கிளம்புங்கள். 2024இல் மட்டும் சுமார் 1 கோடியே 63 லட்சம் வெளிநாட்டார் தென் கொரியாவுக்குப் போயிருக்கிறார்கள். அரசுக்கு அது போதவில்லை. அது வைத்திருந்த இலக்கு 2 கோடி. ஆகவே எல்லாம் தயார். எங்கே நிற்பது, எந்தப் பக்கம் முகத்தைத் திருப்புவது என்பது வரைக்கும் தயார். ‘போட்டோ ஸோன்’ என்று இதற்கென்றே இடம் குறித்துப் பலகை நட்டு வைத்திருப்பார்கள். அந்தப் பலகைக்கு இரண்டடி தள்ளி என்ன இருக்கிறது என்று மட்டும் எட்டிப் பார்த்துவிடாதீர்கள். விடுமுறை கெட்டுவிடும்.

முதல் நாள் கியோங்போக்குங் அரண்மனை. நுழைவுக் கட்டணம் 3,000 வோன். ஹான்போக் என்னும் மரபு உடை உடுத்திப் போனால் அதுவும் கிடையாது. அதனால் சுற்றுவட்டாரத் தெருக்களில் வாடகைக் கடைகள் மண்டிக் கிடக்கின்றன. பளபள லேஸ், முதுகில் பெரிய முடிச்சு, பாவாடைக்குள் கம்பி வளையம். இதெல்லாம் ஹான்போக்கா, இதற்கு இலவசம் எதற்கு என்று 2018இல் வட்டார நிர்வாகமே கேட்டுப் பார்த்தது. கடைகள் அசரவில்லை. அந்த உடையோடு அரண்மனையின் பின்கோடிக்கு நடந்தால் கொன்சோங்குங் என்ற சிறு மாளிகை வரும். 1895 அக்டோபரில் ஜப்பானியக் கொலையாளிகள் மியோங்சோங் அரசியை இங்கேதான் வெட்டிக் கொன்று உடலை எரித்தார்கள். திண்ணை அழகானது. அரசி வேடத்தில் ஒரு படம், அரசி செத்த இடத்தில். யாரும் தடுக்க மாட்டார்கள்.

அடுத்தது புக்சோன். சரிவான சந்துகள், இருபுறமும் ஹானோக் என்னும் ஓட்டு வீடுகள். 600 ஆண்டுப் பழமை என்று ஆசை காட்டுவார்கள். வட்டாரம் பழையதுதான், ஆனால் நீங்கள் சாய்ந்துகொண்டு படம் எடுக்கும் வீடுகளில் பெரும்பாலானவை 1930களை ஒட்டிக் கட்டியவை. ஜப்பானியர் நகரின் வடபகுதிக்கும் பரவிவிடாதபடி, ஜோங் செ-குவோன் என்பவர் பெரிய மனைகளை வாங்கித் துண்டு போட்டு, சிறு சிறு ஓட்டு வீடுகளாகக் கட்டிச் சாதாரணக் கொரியர்களுக்கு விற்றார். கொரிய மொழிச் சங்கத்துக்குப் பணமும் இடமும் தந்தார். 1942இல் அந்தச் சங்கத்தை ஜப்பானியக் காலனி அரசு வேட்டையாடியபோது அவரையும் பிடித்துச் சித்திரவதை செய்தது, நிலங்களும் பறிபோயின. மக்கள் தங்கள் ஊரிலேயே குடியிருக்க வேண்டும் என்பதற்காக ஒருவர் அடிபட்டுக் கட்டிய தெரு அது. அதில்தான் இப்போது யாராலும் நிம்மதியாகக் குடியிருக்க முடியவில்லை.

குடியிருப்பவர்கள் சுமார் 6,000 பேர். வருகிறவர்கள் ஆண்டுக்கு 60 லட்சத்துக்கும் மேல். கதவிடுக்கில் எட்டிப் பார்ப்பது, வாசற்படியில் உட்கார்ந்து தின்பது, பெட்டியைச் சந்து முழுக்கக் கடகடவென்று உருட்டிக்கொண்டு போவது எல்லாம் பண்பாட்டு ரசனையின் கணக்கில் சேரும். ஆண்டுக்கணக்காக அந்த மக்கள் கத்தியதன் பலனாக, நெரிசல் மிகுந்த சந்துக்கு ஒரு நேரம் வைத்திருக்கிறார்கள்: காலை 10 முதல் மாலை 5 வரை மட்டும் பார்வையாளர்கள் வரலாம், மீறினால் 1 லட்சம் வோன் அபராதம், 2025 மார்ச் முதல். மிருகக்காட்சி சாலைக்கும் இப்படித்தான் நேரம் போட்டிருப்பார்கள். வித்தியாசம், இங்கே கூண்டுக்குள் இருப்பவர் சொத்து வரியும் கட்டுகிறார்.

இனி சினிமா ரசிகர்களுக்கு. 2020 பிப்ரவரியில் ‘பாரசைட்’ நான்கு ஆஸ்கர்களை வென்றது. ஏழைகள் தரைக்குக் கீழும் பணக்காரர்கள் மேட்டிலும் வாழும் ஒரு நகரத்தைக் காறி உமிழ்ந்த படம். உமிழப்பட்ட சியோல் நகரம் முகத்தைத் துடைத்துக்கொண்டு உடனே ஒரு காரியம் செய்தது: படப்பிடிப்பு நடந்த இடங்களைச் சுற்றுலாத் தடமாக அறிவித்தது. ஆஹ்யோன் பகுதியின் மளிகைக்கடை, பக்கத்துப் படிக்கட்டு, ஜாஹாமுன் சுரங்கப் பாதை, இப்படி. அருகிலுள்ள கோயாங் நகர நிர்வாகம் ஒரு படி மேலே போய், கலைத்துப்போட்ட அரைநிலவறை செட்டைத் திரும்பக் கட்டிக் காட்டப்போவதாகச் சொன்னது. வறுமையை விற்காதீர்கள் என்று அங்கேயே பலர் கொதித்தார்கள். இது முதல் முறையும் அல்ல. 2015இல் இன்ச்சோன் நகரின் ஒரு வட்டாரம், தன் குடிசைப் பகுதியில் வெளியூரார் காசு கொடுத்து ஒரு ராத்திரி தங்கி ஏழ்மையை ‘அனுபவிக்க’ வீடு தயார் செய்தது. பக்கத்து வீட்டில் அதே ஏழ்மையைக் காசு வாங்காமல் அனுபவித்துக்கொண்டிருந்தவர்கள் சண்டைக்கு வந்ததால் கைவிட்டது.

அந்த அரைநிலவறை வீட்டுக்குப் பான்ஜிஹா என்று பெயர். வடகொரியா படையெடுத்தால் பதுங்குவதற்காக 1970களில் கட்டாயமாக்கிய நிலவறை. பிறகு வாடகைக்கு விட்டார்கள். சியோலில் மட்டும் சுமார் 2 லட்சம் குடும்பங்கள் அதில் இருக்கின்றன. படத்தில் அந்த வீட்டுக்குள் சாக்கடை வெள்ளம் புகும் காட்சிக்கு உலகமே கைதட்டியது. 2022 ஆகஸ்ட் 8 இரவு சில்லிம் பகுதியில் அது நிஜமாகவே புகுந்தது. தண்ணீரின் அழுத்தத்தில் கதவு திறக்கவில்லை. ஜன்னலில் இரும்புக் கம்பி. அக்கம்பக்கத்தார் கம்பியைப் பெயர்க்கப் போராடினார்கள், முடியவில்லை. இரண்டு சகோதரிகளும் ஒருத்தியின் 13 வயது மகளும் உள்ளேயே மூழ்கிச் செத்தார்கள்.

மறுநாள் குடியரசுத் தலைவர் யூன் சுக்-இயோல் வந்தார். தெருவில் குந்தி உட்கார்ந்து, தரையோடு தரையாக இருந்த அந்த ஜன்னல் வழியே குனிந்து உள்ளே பார்த்தார். படம் எடுத்தார்கள். அந்தப் படத்தின் மேல் மக்கள் பாதுகாப்பு பற்றி ஒரு வாசகம் போட்டு, அவருடைய அலுவலகம் விளம்பர அட்டையாக வெளியிட்டது! நாடே காறித் துப்பிய பிறகு நீக்கியது. சுற்றுலாப் பயணிகளை நாம் திட்டிப் பயனில்லை. அவர்களுக்கு முன்னால் போய்ப் படம் எடுத்துக்கொண்டவர் நாட்டின் தலைவர். பான்ஜிஹாக்களைப் படிப்படியாக ஒழிக்கப்போவதாக நகர நிர்வாகம் சொன்னது. அந்த 2 லட்சம் குடும்பங்கள் எங்கே போகும் என்ற கேள்விக்கு எந்த வரைபடத்திலும் தடம் போடவில்லை.

வடக்கு எல்லைக்கும் ஒரு நாள் ஒதுக்குவீர்கள், தெரியும். இம்ஜின்காக்கில் ராட்டினங்கள் உண்டு, 2020 முதல் ஆற்றைக் கடக்கும் கம்பிவட ஊர்தியும் உண்டு. அங்கேயே ஒரு கல் மேடை இருக்கிறது. பண்டிகை நாட்களில் தொண்ணூறு வயதுக் கிழவர்கள் வந்து, வடக்கே விட்டுவந்த தாய்தகப்பனுக்கு, ஊர் இருக்கும் திசை பார்த்துப் படையலிட்டு விழுந்து கும்பிடுவார்கள். இப்படிப் பிரிந்த குடும்பங்களைக் கடைசியாகச் சந்திக்க விட்டது 2018இல். ஏகிபோங் குன்றில் 2024 நவம்பரில் ஒரு ஸ்டார்பக்ஸ் திறந்தார்கள். வடகொரியக் கிராமத்தைப் பார்த்துக்கொண்டே காப்பி குடிக்கலாம். எதிர்க்கரையில் இருப்பவருக்கு என்ன தெரியும் என்று கேட்காதீர்கள்.

கடைசியாக ஜேஜு. தேனிலவுத் தீவு, எரிமலைத் தீவு, ஆரஞ்சுத் தோட்டத் தீவு. சியோலிலிருந்து அங்கே போகும் வான்வழி உலகின் மிக நெரிசலான வழித்தடங்களில் ஒன்று. 2007இல் யுனெஸ்கோ இந்தத் தீவின் சில பகுதிகளை உலக இயற்கைப் பாரம்பரியமாக அறிவித்தது. சுற்றுலாத் துறை பட்டாசு வெடிக்காத குறை. அதே 2007இல்தான் ஜேஜு விமான நிலையத்தின் ஓடுதளத்தை ஒட்டித் தோண்டவும் தொடங்கினார்கள். 2009க்குள் 380க்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் வெளியே வந்தன. உங்கள் விமானம் சக்கரத்தைத் தரையில் வைக்கும் அந்த இடம் பழைய கொலைக்களம். புல் மூடிய, தார் ஊற்றிய கொலைக்களம்.

1948 ஏப்ரல் 3 அன்று இந்தத் தீவில் வெடித்த எழுச்சியை அடக்குகிறோம் என்ற பெயரில் 1954 வரை நடந்த கொலைகளில் செத்தவர்கள் 25,000 முதல் 30,000 பேர் என்பது மதிப்பீடு. தீவின் மக்கள்தொகையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அடக்குமுறை தொடங்கியது அமெரிக்க ராணுவ ஆட்சியின் கீழ். தொடர்ந்தது புதிதாய்ப் பிறந்த தென்கொரிய அரசு. கடற்கரையிலிருந்து 5 கிலோமீட்டருக்கு அப்பால் நடமாடுகிறவர் எல்லாரும் கலகக்காரர் என்று உத்தரவு போட்டுச் சுட்டார்கள். மலையோர ஊர்களைக் கொளுத்தினார்கள். பல ஊர்கள் மறுபடி எழவேயில்லை. இதைக் கதையாக எழுதிய ஹ்யோன் கி-யோங்கை 1979இல் பிடித்துப்போய் வதைத்தார்கள். நேராகக் கடலில் விழும் ஜோங்பாங் அருவியை எல்லா விளம்பரத்திலும் பார்த்திருப்பீர்கள். அதன் உச்சியிலும் அருகிலும் ஆட்களை நிறுத்திச் சுட்டார்கள். சூரியோதயம் பார்க்கக் கூட்டம் நெரியும் சோங்சான் மலையின் அடியிலுள்ள மணல்திட்டிலும் அதுவே நடந்தது. அருவி பல பத்தாண்டுகளாகப் பிரசித்தம். அருவிக்குப் பக்கத்தில் செத்தவர்களுக்கு ஒரு நினைவிடம் வந்தது அண்மையில்தான். 2003இல் குடியரசுத் தலைவர் ரோ மூ-ஹியூன் மன்னிப்புக் கேட்டார். அதற்கு முன் பல பத்தாண்டுகள், பெற்றவளைப் பறிகொடுத்தவன்கூட வாய் திறக்க அஞ்சினான். வாய் திறக்க முடியாத அந்த ஆண்டுகளில்தான் தேனிலவு வியாபாரம் கொழித்தது.

இவ்வளவும் தெரிந்த பிறகும் போகத்தான் போகிறீர்கள், போங்கள். ஒரு அரை நாளை மட்டும் விளம்பரத் தடத்திலிருந்து பிடுங்கி எடுங்கள். ஜேஜு நகரின் போங்கே பகுதியில், அந்த ஏப்ரல் 3இன் பெயரால் 4·3 அமைதிப் பூங்கா இருக்கிறது. 2008இல் திறந்தது, நகரப் பேருந்து போகிறது. உடல்கூடக் கிடைக்காதவர்களுக்கு ஏறக்குறைய 4,000 கற்கள் நட்டிருக்கிறார்கள். உள்ளே எழுத்தே இல்லாத ஒரு வெள்ளைக் கல்லைப் படுக்க வைத்திருக்கிறார்கள். நடந்ததை என்னவென்று சொல்வது என அந்த நாடு இன்னும் முடிவு செய்யவில்லை. நுழைவுக் கட்டணம் கிடையாது.