ரொறன்ரோ வண்டில் மான்மியம்

எங்கள் வீட்டுக் குழந்தை வண்டிலைப் போலப் பாதுகாப்பான வண்டில் யாழ்ப்பாணக் குடாநாட்டிலேயே கிடையாது என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணுவேன். வந்து பதினொரு மாதமாகிறது. இதுவரை அதிலிருந்து ஒரு பிள்ளை விழவில்லை, ஒரு பிஞ்சு விரல் நசியவில்லை, ஒருமுறை பிறேக் வழுக்கவில்லை. அது ஓடியதே முப்பது அடிதானே என்று அயலட்டை முணுமுணுக்கிறது. ஓடாமலே பேர் எடுப்பதுதான் பெரியது என்பது அவர்களுக்கு எங்கே விளங்கப் போகிறது?

வண்டில் ரொறன்ரோவில் இருக்கும் மச்சானின் அன்பளிப்பு. மகளுக்கு ஏழாம் மாதம் நடக்கும்போதே வாட்ஸ்அப்பில் கடையைத் திறந்து காட்டினார். அங்கே அவர் ஒருவர், இங்கே எங்கள் ஹோலில் பதினான்கு தலை. சாம்பல் நிறமா கறுப்பா என்று முக்கால் மணித்தியாலம் ஆராய்ந்தோம். கோப்பிக் கோப்பை வைக்கும் இடம் ஒன்று போதுமா, இரண்டு வேண்டுமா என்று இன்னொரு கால் மணித்தியாலம். பச்சைப்பிள்ளை இதில் எப்படிப் படுக்கும் என்று கேட்டு ஒரு நல்ல மனிதரின் மனத்தை நோகடிக்கும் அளவுக்குப் பண்பு கெட்டவர் எங்கள் குடும்பத்தில் ஒருவரும் இல்லை.

கப்பலில் கொழும்புக்கும், அங்கிருந்து லொறியில் கோண்டாவிலுக்கும் வந்து சேர்ந்தது. பேத்தி பிறந்தபோது 2.8 கிலோ. வண்டில் 14 கிலோ. ஐந்து மடங்கு கனமான விருந்தாளிக்கு ஐந்து மடங்கு மரியாதை கொடுத்து ஹோலின் நடுவில் நிறுத்தினோம். பிள்ளை பார்க்க வந்தவர்கள் முதலில் வண்டிலைப் பார்த்தார்கள், பிறகு நேரம் இருந்தால் பிள்ளையைப் பார்த்தார்கள். சில்லு மூன்றும் காற்றடித்தவை. பனிக்குவியலுக்குள்ளும் உருளுமாம். காலுக்கு மூடக் கம்பளி உறை வேறு. கோண்டாவிலில் பனை உண்டு, அந்தப் பனிதான் இன்னும் பெய்யவில்லை. பெய்யட்டும், எங்களைப் போல ஆயத்தமாக இருப்பவர் யார் என்று அன்றைக்குத் தெரியும்.

இதை வெறும் பவிசு என்பவர்கள் வரலாறு அறியாதவர்கள். 1733இல் இங்கிலாந்தின் டெவன்ஷயர் கோமகன் வீட்டுப் பிள்ளைகளுக்கு வில்லியம் கென்ட் செய்து கொடுத்த வண்டிலை ஆடோ சிறு குதிரையோதான் இழுக்க வேண்டும். அதாவது, வண்டில் பிறந்ததே ஊர் பார்க்கத்தான். எங்கள் ஒழுங்கையிலும் ஆட்டுக்குப் பஞ்சமில்லை. ஆனால் எங்கள் வண்டிலைக் கண்டதும் அவை தாமாகவே விலகி நின்றன, தங்கள் தகுதியை அறிந்து.

அந்த மரபைக் குழப்பியவர் ஓவன் மக்லாரன் என்ற விமானப் பொறியியலாளர். ஸ்பிற்பயர் போர் விமானத்தின் சில்லுக்கால் அமைப்பில் வேலை செய்தவர். பேரப்பிள்ளையோடு பாரமான வண்டிலையும் இழுத்துக்கொண்டு அலைந்த மகளைப் பார்த்துவிட்டு, குடை மாதிரி மடியும், மூன்று கிலோவுக்கும் குறைந்த ஒரு வண்டிலைச் செய்து 1965இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அவரும் ஒரு அம்மப்பா, நானும் ஒரு அம்மப்பா. அவர் மகளின் தோள்மூட்டைப் பார்த்தார், நான் மச்சானின் முகத்தைப் பார்த்தேன். உறவின் அருமை யாருக்குத் தெரியும் என்பதை வாசகரே முடிவு செய்யட்டும். போதாக்குறைக்கு, அவர் பெயர் தாங்கிய வண்டில்களின் மடிப்புக் கீலில் பிள்ளைகளின் விரல் நுனிகள் துண்டாகி, 2009இல் அமெரிக்காவில் ஏறத்தாழ பத்து இலட்சம் வண்டில்களைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. எங்கள் வண்டிலுக்கு அந்த அவப்பெயர் வராது. அதை மடிக்க மூன்று ஆம்பிளைகள் வேண்டும். அந்தச் சண்டைக்குள் பிள்ளை எப்படிக் கிட்ட வரும்?

பிள்ளையை நிறுக்க வீட்டுக்கு வந்த குடும்பநல உத்தியோகத்தரும் வண்டிலைச் சுற்றிப் பார்த்தா. இருக்கையைச் சாய்த்தா. அது பாதி தூரம் சாய்ந்து நின்றுவிட்டது. அடியில் ஒட்டியிருந்த சிறிய எழுத்தை வாசித்தா: ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு.

"ஐயா, வண்டில் நல்ல வடிவு. பிள்ளையை மட்டும் உதுக்குள்ள வையாதேங்கோ."

கழுத்து உறைக்காத பிள்ளையைச் சாய்த்து இருத்தினால் நாடி நெஞ்சில் முட்டி மூச்சுப் பாதை ஒடுங்குமாம். பச்சைப்பிள்ளை தட்டையாக, மல்லாக்கத்தான் கிடக்க வேண்டுமாம். பாயில் கிடத்தினாலும் போதுமாம். பன்னோலைப் பாயையும் ரொறன்ரோ வண்டிலையும் ஒரே வாயால் சொல்ல அவவுக்கு எப்படி மனம் வந்ததோ!

ஆனால் எங்கள் கவனிப்பில் அவவாலும் குறை பிடிக்க முடியாது. வண்டிலின் வார்ப்பட்டி தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, கால் நடுவே ஒன்று என ஐந்து இடத்தில் பூட்டுவது. பழுதாகக் கூடாது என்று அதை இன்னும் பொலித்தீன் உறையோடே வைத்திருக்கிறோம். கைபிடியில் திருநெல்வேலிச் சந்தைப் பையைத் தொங்கவிடலாம். பூசணிக்காயும் மரவள்ளிக்கிழங்கும் அங்கே தொங்க, இருக்கை வெறுமையாக இருந்தால், வண்டில் மல்லாக்க விழுந்து வந்தவர்களைக் கும்பிடும். பணிவுள்ள வண்டில். வெயில் படாமல் இருக்க மனுசி தன் சேலையை மடித்துக் கூரையிலிருந்து கால்மாடு வரை மூடிவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே கையை விட்டுப் பார்த்தேன். நீத்துப்பெட்டிக்குள் புட்டு அவிகிற பக்குவம். பிள்ளைமேல் வெயில் படாது என்பது உண்மைதான். புட்டிலும் அடுப்பு நெருப்புப் படுவதில்லை.

வீதிக்குப் பொறுப்பானவர்களையும் இந்த இடத்தில் வாழ்த்த வேண்டும். ஒழுங்கை முடியும் இடத்தில் கான் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது. பிரதான வீதியில் நடைபாதை என்று ஒரு துண்டு உண்டு. அதில் முதலில் மின்கம்பம், பிறகு விற்பனைக்கு அடுக்கிய பிளாஸ்டிக் கதிரைகள், பிறகு நிறுத்திவைத்த மோட்டார் சைக்கிள்கள். கதிரைக்கும் கம்பத்துக்கும் இடம் ஒதுக்கியவர்கள் பிள்ளைக்கு ஒதுக்கவில்லை என்றால், பிள்ளை வீட்டில் இருப்பதே நல்லது என்ற தாயுள்ளம்தான் காரணமாக இருக்க வேண்டும். அதனால் பேத்தி கிளினிக்குக்கு மோட்டார் சைக்கிளில், தாய் தகப்பன் நடுவே போய் வருகிறாள். தலைக்கவசம் தகப்பனுக்கு, குடை தாய்க்கு, கடவுள் பிள்ளைக்கு.

வண்டில் ஓடிய அந்த முப்பது அடி நல்லூர்த் திருவிழாவில். இருபத்தைந்து நாளும் கோயிலைச் சுற்றி வாகனம் ஓடாது. இதைவிட நல்ல இடம் ஏது? ஆறு மாதக் கணக்கை நல்லூரான் பார்த்துக்கொள்வான் என்று பேத்தியைத் தாயின் மடியில் வைத்து ஒரு ஓட்டோவில் ஏற்றினோம். வண்டில் அதற்குள் அடங்காததால் அதற்குத் தனி ஓட்டோ. வளைவு தாண்டி இறக்கி, பிள்ளையை வைத்து, நான்தான் தள்ளினேன். ஊர் திரும்பிப் பார்த்தது. பிரதட்டை செய்பவர்களுக்காக வீதியில் மணல் பரப்பியிருந்ததை மட்டும் நான் மறந்துவிட்டேன். பனியில் உருளும் சில்லு மணலில் அச்சு வரை புதைந்தது. பேத்தியை மகள் தோளில் போட்டாள். மருமகன் வேட்டியை மடித்துக் கட்டி, வண்டிலைத் தூக்கித் தோளில் வைத்தார். பின்னால் வந்த ஆச்சி ஒருத்தி காவடி என்று நினைத்து, "அரோகரா" என்றா. ஒரு குழந்தை வண்டிலுக்கு இதைவிடப் பெரிய பேறு உண்டா?

மார்கழியில் மச்சான் நேரில் வந்தார். வண்டில் புதிது போல இருப்பதைக் கண்டு நெகிழ்ந்து, யாழ்ப்பாணம் போய் ஒரு வோக்கரும் வாங்கி வந்தார். கனடாவில் 2004 ஏப்ரலில் இருந்து வோக்கர் விற்கவோ, இறக்குமதி செய்யவோ, விளம்பரப்படுத்தவோ கூடாது. படியால் உருண்டு மண்டை உடைந்த பிள்ளைகள் ஏராளம் என்பதால் வந்த தடை அது; பழையதைக் கைமாற்றி விற்பதற்கும் பொருந்தும். தன் நாட்டில் கிடைக்காத பொருளைத் தேடி மச்சான் எட்டாயிரம் மைல் பறந்து வந்தார் என்றால் அந்தப் பாசத்தை என்ன சொல்வது!

வோக்கருக்கு இடம் விட, வண்டில் ஹோலிலிருந்து விறாந்தைக்குப் போனது. விறாந்தையிலிருந்து கோடிக்குப் போனது. இருக்கையைக் கழற்றி, அடியில் வைக்கோல் பரப்பி, வெங்காயம் வைக்கலாம் என்று மனுசி சொன்னாள்.

வெங்காயத்துக்கு முன் கோழி வந்தது. இரண்டு நாள் வந்து வந்து பார்த்துவிட்டுப் போனது. அடியைக் கொத்திப் பார்த்தது: தட்டையாக இருந்தது. கூரை நிழலுக்குள் தலையை விட்டு, பக்கத்தால் காற்று வருகிற இடத்தில் கொஞ்சம் நின்றது. ஏறி ஒரு குலுக்குக் குலுக்கிப் பார்த்தது: பிறேக் போட்டிருந்தது. அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தது. கோப்பை வைக்கும் இடத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நாட்டுப்புறக் கோழி, நாகரிகம் தெரியாதது.

இருபத்தோராம் நாள் எட்டுக் குஞ்சு. படம் எடுத்து, "உம்முடைய வண்டிலில பிள்ளையள் சுகமாய் இருக்கினம்" என்று எழுதி ரொறன்ரோவுக்கு அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது: "அப்பவே சொன்னனான் அத்தான், சாம்பல் நிறம்தான் வடிவு."