உச்சியார்

ஸ்ட்ரோம்போலித் தீவில் எரிமலை ஏறப் போகிறவர்களுக்கு ஹெல்மெட் வாடகைக்குக் கிடைக்கும், பூட்ஸ் கிடைக்கும், நெற்றியில் கட்டிக்கொள்ளும் டார்ச் கிடைக்கும். உச்சியார் மட்டும் இலவசம். பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட எந்தக் குழுவில் சேர்ந்தாலும் அதில் ஒருவர் உண்டு.

கண்டுபிடிப்பது சிரமமில்லை. சாயங்காலம் சான் வின்சென்சோ தேவாலயத்துக்கு முன்னால் குழுக்கள் கூடும். எல்லோரும் வாடகை ஹெல்மெட்டின் வாரை மோவாய்க்கு மேலே மாட்டுவதா கீழே மாட்டுவதா என்று பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருவர் மட்டும் சொந்த ஹெல்மெட்டோடு வந்து, அதை மாட்டாமல் கையில் வைத்துக்கொண்டு மலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். பார்வையில் வியப்பு இருக்காது. கடன் வாங்கிய ஆளைத் தெருவில் கண்டது போல ஒரு பார்வை. பக்கத்தில் போய் நின்றால் போதும், நாம் எதுவும் கேட்க வேண்டாம்.

“முதல் தடவையா?” என்பார்.

ஆமாம் என்று சொன்னால் முகத்தில் இரக்கம் பரவும். “அப்படியா… 2019க்கு முன்னால வந்திருக்கணும் நீங்க.”

இந்த 2019 என்ன என்று தெரியாமல் உச்சியாரைப் புரிந்துகொள்ள முடியாது. சிசிலிக்கு வடக்கே கடலுக்கு நடுவில் நிற்கும் இந்த மலை 924 மீட்டர் உயரம்தான். ஆனால் இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாக அநேகமாக ஓய்வே இல்லாமல், மணிக்குச் சில தடவை வெடித்துக்கொண்டிருக்கிறது. பழைய மாலுமிகளுக்கு இதுதான் கலங்கரை விளக்கம். உலகத்தில் வேறு எங்கே இப்படிச் சின்னச் சின்னதாக விட்டு விட்டு வெடித்தாலும் நிபுணர்கள் அதற்கு இந்த மலையின் பெயரைத்தான் வைக்கிறார்கள். விசேஷம் என்னவென்றால், வெடிக்கும் வாய்கள் உச்சியில் இல்லை. சுமார் 750 மீட்டரில் இருக்கின்றன. ஆகவே அந்த நாளில் வழிகாட்டியோடு 918 மீட்டரில் இருக்கும் பித்ஸோ என்ற முகட்டுக்குப் போய், எரிமலை வெடிப்பதை மேலிருந்து குனிந்து பார்க்கலாம். பால்கனியில் நின்று தெருச் சண்டை பார்க்கிற வசதி.

2019 ஜூலை 3 அன்று மலை வழக்கமான அளவை மீறிப் பெரிதாக வெடித்தது. ஜினோஸ்த்ரா கிராமத்துப் பக்கம் நடந்துகொண்டிருந்த ஒருவர் இறந்துபோனார். ஆகஸ்ட் 28 அன்று மறுபடியும் ஒரு பெரிய வெடிப்பு. உச்சிக்குப் போகும் வழியை அடைத்துவிட்டார்கள். அதற்குப் பின் வந்த ஏற்பாட்டில் 290 மீட்டர் வரை நாமாகப் போகலாம். வழிகாட்டியோடு 400 மீட்டர் வரை போகலாம். மலையின் போக்கைப் பார்த்து அதையும் அவ்வப்போது குறைப்பார்கள், சில சமயம் மொத்தமாக மூடுவார்கள்.

பாதையை அடைத்த அன்று உச்சி உச்சியார் பேருக்குப் பட்டா ஆகிவிட்டது. அதுவரை அவர் பித்ஸோவுக்குப் போன ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவர். இப்போதோ அங்கே எதையும் போய்ச் சரிபார்க்க யாருக்கும் வழியில்லை. 518 மீட்டர் வித்தியாசம். அதில் அவர் என்ன வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம்.

எங்கள் உச்சியார் வட ஐரோப்பாவில் எங்கோ வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இடுப்பில் மூன்று பை, கையில் மடக்குக் கழி இரண்டு, கணுக்காலில் மணல் புகாமல் உறை. கூடவே மனைவி. அந்த அம்மாவிடம் ஒரு துணிப்பையும், அதற்குள் ரொட்டியும், அபாரமான பொறுமையும் இருந்தன. உச்சியார் போனது 2017 ஜூனில். 2019 பேச்சு வந்தபோது குரலைத் தாழ்த்தி, “மயிரிழையில தப்பிச்சேன்” என்றார். மயிரிழை என்பது இரண்டு வருஷம் ஒரு மாதம்.

கிராமத்தைக் கடக்கிற வரை மரியாதையாகத்தான் நடந்தோம். வெள்ளை வெள்ளையாக வீடுகள், இரண்டு ஆள் ஒதுங்க இடமில்லாத சந்துகள். அவற்றில் நம் ஊரில் ஷேர் ஆட்டோவாக ஓடும் அதே பியாஜியோ ஆப்பே, பெட்டிகளையும் தண்ணீர் பாட்டில்களையும் ஏற்றிக்கொண்டு ஹாரன் அடிக்கிறது. சுவரோடு சுவராக ஒட்டி வழிவிட்டபோது எனக்கு ஊர் ஞாபகம் வந்து கொஞ்சம் தைரியமாகவே இருந்தது. வழியில் ஒரு சிவப்பு வீடு. 1949இல் ரோசெல்லினி படம் எடுக்க வந்தபோது அவரும் இங்ரிட் பெர்க்மனும் தங்கிய வீடு. எல்லோரும் படம் பிடித்தோம். உச்சியார் கழியால் தரையைத் தட்டிக்கொண்டு நின்றார். பெர்க்மன் உச்சி வரை போனாரா இல்லையா என்ற தகவல் கிடைக்காமல் அவரால் எந்த முடிவுக்கும் வர முடியவில்லை.

ஊரை விட்டதும் ஏற்றம் தொடங்குகிறது. இரண்டு பக்கமும் நாணல், அங்கங்கே சப்பாத்திக்கள்ளி, கீழே கடல். வழிகாட்டி முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண், தீவிலேயே பிறந்தவர். அவருக்கு அடுத்த இடத்தை உச்சியார் பிடித்துக்கொண்டார். உச்சியாரின் இடம் எப்போதும் இரண்டாவதுதான். முதலாவதாக நடக்கச் சட்டம் விடாது. மூன்றாவதாக நடக்க மனம் விடாது. அந்த இடத்திலிருந்து வழிகாட்டி சொல்வதற்கெல்லாம் அவர் பொழிப்புரை சொல்வார். இந்தச் செடியில் விடுவதுதான் கேப்பர் மொட்டு, ஊறுகாய் போடுவார்கள் என்று அந்தப் பெண் சொன்னால், “மேலே செடியே கிடையாது” என்பார். இங்கிருந்து பாதை கரடு என்றால், “மேலே பாதையே கிடையாது.” காற்று வீசினால், “இதெல்லாம் காத்தா? மேலே…”

நடுவில் ஓர் இளஞ்ஜோடி. கல்யாணமாகிச் சில வாரம்தான் இருக்கும். அந்தப் பையன் அறியாமல் கேட்டுவிட்டான்: “மேலே எப்படி சார் இருந்துச்சு?”

அடுத்த ஐம்பது மீட்டர் ஏற்றம் யாருக்கும் தெரியவில்லை. அந்தச் சத்தம்! காதில் கேட்பதில்லையாம், நெஞ்சில் இடிக்குமாம். காலுக்குக் கீழே பாறை அதிருமாம். கந்தக நெடியில் கண் எரியுமாம். இறங்கும்போது சாம்பல் சரிவில் முழங்கால் வரை புதைந்து சறுக்கிக்கொண்டே வருவதாம். ஹெல்மெட்டைக் கழற்றி ஒரு கீறலைக் காட்டினார். மேலே வந்து விழுந்த கல். அந்தக் கல் நாங்கள் புறப்பட்டபோது கோலிக்குண்டு அளவு இருந்தது; இருநூறு மீட்டரில் எலுமிச்சை ஆகியிருந்தது. பிறகு இடுப்புப் பை ஒன்றைத் திறந்து பழைய பிலிம் டப்பாவை எடுத்து, மூடியைத் திருகி, ஒவ்வொருவர் மூக்குக்கும் கீழே நீட்டினார். உள்ளே கறுப்பு மணல். “உச்சியில எடுத்தது.”

வழிகாட்டி எட்டிப் பார்த்தார். “நல்லா இருக்கு” என்றார். நாங்கள் மதியம் துண்டு விரித்துப் படுத்திருந்த கடற்கரையும் அதே கறுப்பு மணல்தான். அந்தப் பெண்ணின் செருப்பிலேயே டப்பா கொள்ளாத அளவு இருந்தது.

டப்பாவை மூடியதும் உச்சியார் வழிகாட்டி பக்கம் திரும்பினார். “நீங்க பித்ஸோ போயிருக்கீங்களா?”

“போயிருக்கேன்.”

“எத்தனை தடவை?”

“எண்ணலை.”

உச்சியாருக்கு இந்தப் பதில் பிடிக்கவில்லை. எண்ணாதவர்களை அவர் நம்புவதில்லை. நான் பிறகு தனியாக விசாரித்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து அப்பாவோடு ஏற ஆரம்பித்தவராம். 1930இல் பெரிய வெடிப்பு வந்தபோது குடும்பத்தில் பாதி ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிவிட்டதாம். மீதிப் பாதியின் பேத்தி இவர். தீவுக்காரர்கள் மலையைப் பற்றிப் பேசும்போது நாம் மாமியாரைப் பற்றி வெளியாரிடம் பேசுகிற நிதானத்தோடு பேசுகிறார்கள். நல்லதும் சொல்வதில்லை, கெட்டதும் சொல்வதில்லை. இருக்காங்க, அவ்வளவுதான்.

400 மீட்டருக்கு வந்தபோது வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் ஷியாரா தெல் ஃபுவோக்கோ என்கிற கறுப்புச் சரிவு. மலையின் ஒரு பக்கமே எப்போதோ பெயர்ந்து விழுந்ததில் உண்டான பெரும் பள்ளம். மேலே கக்குவதெல்லாம் இதில்தான் உருண்டு கடலில் போய் விழுகிறது. 2002 டிசம்பர் 30 அன்று இந்தச் சரிவில் ஒரு பகுதி மொத்தமாகக் கடலில் இறங்கி, எழும்பிய அலை கிராமத்துக்குள்ளேயே வந்துவிட்டது. வழிகாட்டி இதைச் சொல்லிவிட்டு டார்ச்சை எல்லாம் அணைக்கச் சொன்னார். அணைத்தோம். உச்சியாருடைய டார்ச் மட்டும் சுரங்கத் தொழிலாளிக்கு உரியது. அணைக்க ஐந்து பொத்தான். மூன்றாவது பொத்தானில் அது சிவப்பாக மினுக்கத் தொடங்கியது. நான்காவதில் இன்னும் பிரகாசமானது. அவர் மனைவி எழுந்து வந்து பேட்டரியை உருவிவிட்டுப் போய் உட்கார்ந்தார். இருபது வருஷப் பழக்கம் இருக்கும் அந்தக் கைக்கு.

அப்புறம் அது வெடித்தது.

முதலில் வெளிச்சம். மேலே இருட்டில் ஒரு சிவப்பு ஊற்று எழும்பி, உச்சிக்குப் போய், ஒரு கணம் தயங்கி, நூறு நூறாகப் பிரிந்து விழுந்தது. விழுந்த ஒவ்வொன்றும் சரிவில் குதித்துக் குதித்து இறங்கியது. சத்தம் பின்னாடி வந்தது, கனமான மரக்கதவை யாரோ அறைந்து சாத்தியது போல. வழிகாட்டி விளக்கினார்: குழம்புக்குள் வாயுக் குமிழிகள் சேர்ந்து சேர்ந்து, குழாயை அடைக்கிற அளவுக்கு ஒரே பெரிய குமிழியாகி, ஏறி வந்து மேல்மட்டத்தில் வெடிக்கும்போது குழம்பையும் கிழித்து எறிகிறது. அவ்வளவுதான் சங்கதி. மலைக்குக் கோபம் ஒன்றும் இல்லை.

எல்லோரும் ஏதேதோ பாஷையில் ஒரே சொல்லைக் கத்தினோம். நான் “அம்மா” என்றேன். உச்சியார் பேசவில்லை. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. பதினைந்து நிமிஷம் கழித்து இரண்டாவது வெடிப்பு வந்தபோதும் பேசவில்லை. எனக்கே கவலையாகிவிட்டது.

அந்த அம்மா என் பக்கம் ரொட்டியை நீட்டினார். உள்ளே தக்காளியும் பாலாடைக்கட்டியும். நன்றி சொல்லி, மரியாதைக்கு ஒரு வார்த்தை கேட்டேன்: “நீங்களும் 2017ல மேலே போனீங்களாம்மா?”

“போனேன். செருப்பெல்லாம் மணல்.”

“அங்கேருந்து பார்க்க இதைவிட நல்லா இருந்திருக்கும்.”

“மேகம்” என்றார் அந்த அம்மா. “மேலே ஏறினதுலேருந்து இறங்கற வரைக்கும் மேகம். பக்கத்துல நிக்கற இவர் மூக்கே தெரியலை.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வழி நெடுக இவர் சத்தத்தைச் சொன்னார், அதிர்வைச் சொன்னார், நெடியைச் சொன்னார், சாம்பலைச் சொன்னார். ஒரு தடவைகூட நிறத்தைச் சொல்லவில்லை. பொய்யே சொல்லாத மனிதர்! கேட்டதையும் முகர்ந்ததையும் மட்டுமே வைத்துக்கொண்டு இத்தனை வருஷமாக ஒரு மலையை நடத்தி வந்திருக்கிறார். ஹெல்மெட் கீறலைப் பற்றியும் கேட்டேன். வீட்டுப் பரண் மேலிருந்து விழுந்ததாம்.

மூன்றாவது வெடிப்பு முதலிரண்டையும் விடப் பெரியது. அந்தப் பையன் உச்சியாரின் தோளைத் தொட்டு, “எப்படி சார்?” என்றான்.

உச்சியார் தொண்டையைச் செருமிக்கொண்டார். “ம்… பரவாயில்லை.” பிறகு நியாயம் தவறக் கூடாதென்று, “சத்தம் பத்தாது” என்றார். அதற்குள் அவர் கேமராவில் ஏழெட்டு நிமிஷ வீடியோ ஏறியிருந்தது.

இறங்கும்போது எனக்கு முன்னால் நடந்தவரும் ஒரு வகையில் உச்சியார்தான் என்று தெரிந்தது. அவர் எட்னா பிரிவு. 3,300 மீட்டருக்கு மேலான மலையைப் பார்த்துவிட்டு இதற்கு வந்தவர். ஆனால் உயரத்தை வைத்துப் பேசுகிறவர்களை நம்மவர் மதிக்கவில்லை. “எட்னாவுக்குக் கேபிள் காரில்ல போவாங்க?” என்று ஒரே கேள்வியில் முடித்துவிட்டார். ஊருக்குள் வந்தால் சந்துகளில் தெருவிளக்கே கிடையாது, அதுதான் அங்கே வழக்கம். உச்சியார் பேட்டரியைத் திரும்ப வாங்கிப் போட்டு எங்கள் அத்தனை பேரையும் பிட்சா கடை வரை கொண்டுவந்து சேர்த்தார். அந்த டார்ச்சின் அருமை அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் காலையில் மலை சற்று அதிகமாக முனகியது. நிபுணர்கள் கருவிகளைப் பார்த்தார்கள், அதிகாரிகள் தாளில் கையெழுத்துப் போட்டார்கள், எல்லை 290 மீட்டராகக் குறைந்தது. அன்றைக்கான குழுக்கள் எல்லாம் ரத்து.

பதினொரு மணிக்கு ஐஸ்கிரீம் கடை வாசலில் அந்த இளஞ்ஜோடி நின்றிருந்தது. மிலாட்ஸோவிலிருந்து வந்த படகு அப்போதுதான் ஆளை இறக்கியிருந்தது. பெட்டியும் கையுமாக வந்த ஒரு குடும்பம் அறிவிப்பைப் படித்துவிட்டு முகம் தொங்கிப் போய், மேலே போனால் எப்படி இருக்கும் என்று அந்தப் பெண்ணிடம் கேட்டது. அவள் கோனை ஒரு நக்கு நக்கி, மலையை ஒரு பார்வை பார்த்தாள்.

“நாங்க நானூறு வரைக்கும் போனோம்” என்றாள். “அப்பல்லாம் விட்டாங்க.”