கோரைக்கு வந்த யோகம்

கேள்வி: வயலில் கோரையைக் களையென்று பிடுங்கி வரப்பில் எறிகிறோம். பிலிப்பைன்ஸில் அதில்தான் பாய் பின்னி விற்கிறார்களாமே? (வாசகர், குத்தாலம்)

பதில்: நடவை நிறுத்திவிடாதீர்கள்! உங்கள் வயலில் முளைப்பது வேறு; பாய்க்கோரை அதற்குப் பங்காளி. சாமார் தீவில் பாசே ஊர்க்காரர்கள் பின்னும் 'திகோக்' புல்லும் அந்த வம்சம்தான். காய்ந்தால் முறியும் என்று குகைக் குளிர்ச்சியில் உட்கார்ந்து பின்னுவார்கள். தறி கிடையாது, விரல்தான். நம் பத்தமடையில் கோரையை ஆற்றுநீரில் ஊறப்போட்டு, மயிரிழையாகக் கிழித்து, நூல் பாவில் தறியில் நெய்கிறார்கள். புடவை மாதிரி மடிக்கலாம். கல்யாணப் பாயில் மணமக்கள் பெயரையும் நெய்து தருவார்கள். ஆர்டர் கொடுக்குமுன் நிச்சயதார்த்தம் முடியட்டும். நெய்த பெயரைப் பிரிப்பது கஷ்டம்.