சென்னையா, கோவையா, பெங்களூரா?

*கையில் 80 லட்சம் இருக்கிறது. முதலீட்டுக்கு ஃபிளாட் வாங்க எந்த ஊர் நல்லது?*
– ஈரோடு வாசகர்

ஊரை அப்புறம் பார்க்கலாம், முதலில் வாடகையை விசாரியுங்கள். 80 லட்சம் ஃபிளாட்டுக்கு மாதம் 22,000 வாடகை என்றால் வருடத்துக்கு 2,64,000 வருகிறது. அதில் சொத்துவரி, பராமரிப்பு, ஆள் மாறும்போது காலியாகக் கிடக்கும் மாதம், பெயின்ட் எல்லாம் கழித்து 2 லட்சம் மிஞ்சினால் பெரிது. ஆக, இரண்டரை சதவீதம். சென்னை, கோவை, பெங்களூரு மூன்றிலும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். வங்கி டெபாசிட் வட்டியைத் தொடும் ஃபிளாட் கிடைப்பது அபூர்வம்.

மிச்ச லாபம் விலை ஏறினால்தான். ஏறுவது மண்ணின் விலை. கட்டடத்துக்கு வயதுதான் ஏறும். அதனால் பில்டரிடம் முதல் கேள்வியே, ‘யூடிஎஸ், அதாவது மனையில் என் பங்கு, எவ்வளவு?’ என்றிருக்கட்டும். ஒரே 1,000 சதுர அடி ஃபிளாட்டுக்கு ஓரிடத்தில் 300 சதுர அடி மனைப் பங்கு வரும், இன்னோரிடத்தில் 550 வரும். நீச்சல்குளத்தைக் காட்டி இந்த வித்தியாசத்தை மறைக்க விடாதீர்கள்.

*பெங்களூரில் வாடகைக்கு ஆள் வரிசையில் நிற்கிறார்களாமே?*
– சேலம் வாசகி

நிற்கிறார்கள், தண்ணீர் லாரிக்காகவும் நின்றார்கள். 2024 கோடையில் போர்வெல் வற்றிய அடுக்குமாடிகளை மறக்க வேண்டாம். காவிரி இணைப்பு இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, அடுத்து மாநகராட்சிச் சொத்துப் பதிவான காதாவைக் கேளுங்கள். பி காதா சொத்து என்றால் பல வங்கிகள் கடன் தரத் தயங்கும். உங்களுக்குத் தயங்கும் வங்கி, நாளை உங்களிடம் வாங்க வருபவருக்கும் தயங்கும்.

*அப்படியானால் ஓசூர்?*
– அதே வாசகி

எலெக்ட்ரானிக் சிட்டி சம்பளக்காரர் குடிவரும் தூரம், தமிழ்நாட்டுப் பட்டா. விசாரிக்க வேண்டிய ஊர்தான்.

*அவினாசி சாலை மேம்பாலம் திறந்தாச்சு. இனி கோவையில் விலை பறக்கும் என்கிறார் புரோக்கர்.*
– பொள்ளாச்சி வாசகர்

உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் பாலம், 2025 அக்டோபரில் திறந்தது. தூண் எழும்பியபோதே விற்பவர்கள் விலையில் அதைச் சேர்த்துவிட்டார்கள். பாலத்துக்கு நீங்கள் இரண்டாம் முறை காசு கொடுக்க வேண்டியதில்லை. சரவணம்பட்டி பக்கம் ஒரு வேலைநாளில் இரவு எட்டு மணிக்குப் போய், நீங்கள் பார்த்த அடுக்குமாடியில் எத்தனை ஜன்னலில் விளக்கு எரிகிறது என்று எண்ணுங்கள். வாட்ச்மேனிடம் எத்தனை வீடு காலி என்று கேளுங்கள். அவரிடம் இருக்கும் நிலவரம் எந்த பிரோஷரிலும் இருக்காது.

*சென்னை பெரும்பாக்கத்தில் விலை குறைவாக இருக்கிறதே, வாங்கலாமா?*
– மதுரை வாசகர்

2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலின்போது, அந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை நின்றது என்று டீக்கடையில் கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் ஈபி மீட்டர் பெட்டியைப் பாருங்கள். கைக்கு எட்டாத உயரத்தில் ஏற்றி வைத்திருந்தால் பதில் கிடைத்துவிட்டது. பக்கத்தில் இருப்பது பள்ளிக்கரணை சதுப்பு நிலம், 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. தண்ணீர் அங்கே வருவது இயற்கை. நாம் அங்கே போனதுதான் பிரச்னை. வெள்ளம் ஏறாத தெருக்களும் தென்சென்னையில் இருக்கின்றன. விலை கூடுதலானாலும் அங்கே வாங்குங்கள்.

*மனை வாங்கி இரண்டே வருடத்தில் விற்றால் லாபம்தானே?*
– கரூர் வாசகர்

தமிழ்நாட்டில் மனைக்கு முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2. பத்திர ஆபீஸ் வாசலிலேயே 9 சதவீதம் போயாச்சு. விற்கும்போது புரோக்கர் கமிஷன், லாபத்தில் வரி. பத்து வருடம் தொடாமல் வைக்க முடிகிற பணமென்றால் மட்டும் இறங்குங்கள். அதற்கு முன் தாய்ப்பத்திரமும் 30 வருட வில்லங்கமும் ஒரு வக்கீல் பார்வைக்குப் போகட்டும்.

*தங்கையும் பாதிப் பணம் போடுகிறாள். யார் பேரில் வாங்குவது?*
– தஞ்சாவூர் வாசகர்

இருவர் பேரிலும். யாருக்கு எவ்வளவு பங்கு என்பதைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். பணம் அவரவர் வங்கிக் கணக்கிலிருந்து நேராக விற்பவருக்குப் போகட்டும். அந்த ஸ்டேட்மென்ட்டைப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள்.