இரண்டாம் தரத்துக்கும் மூன்றாம் தரத்துக்கும் நடுவே: ஒரு கால ஆய்வு

ஏலம் போடுகிறவர் “ஒரு தரம்” என்கிறார். “ரெண்டு தரம்” என்கிறார். “மூணு தரம்” வர எவ்வளவு நேரம் ஆகும்? நெல்லை, தென்காசிப் பக்கத்துக் கிராமக் கிறிஸ்தவ ஆலயங்களில் காணிக்கைப் பொருள்களை ஏலம் விடும் அறுப்பின் பண்டிகைக்கு ஒருமுறையாவது போனவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியும். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே ஒரு மூச்சு விடும் நேரம்தான். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவேயோ அழுகிற பிள்ளையைத் தூங்க வைத்துவிடலாம், பந்திக்குப் பாய் விரித்துவிடலாம், சென்னையில் இருக்கும் அண்ணனுக்குப் போன் போட்டு “ஏறட்டுமா, விடட்டுமா?” என்று கேட்டும் முடித்துவிடலாம்.

இத்தனை பெரிய கால அளவை அறிஞர் உலகம் இன்றுவரை அளக்காமல் வைத்திருக்கிறது. 1841-இல் இடையன்குடிக்கு வந்து சேர்ந்த மிஷனரி கால்டுவெல், 1856-இல் திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் எழுதினார். 1881-இல் திருநெல்வேலிக்குச் சரித்திரம் எழுதினார். சபையின் நடுவிலேயே ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த மனிதர், ரெண்டு தரத்தின் இலக்கணத்தைப் பின்னால் வருகிறவர்களுக்கு விட்டுவைத்துப் போய்விட்டார். அந்தக் கடனை அடைக்கவே இந்தச் சிறு முயற்சி.

ஆய்வுக் களத்தின் நடுப்புள்ளி அச்சன்புதூர். தென்காசி மாவட்டத்துப் பேரூராட்சி. சுற்றிலும் வயலும் தென்னையும். மலைப்பக்கம் போனால் வடகரை, அதைத் தாண்டி மேக்கரையில் 132 அடி அடவிநயினார் அணை. ஐப்பசியும் கார்த்திகையும் வந்துவிட்டால் இந்தச் சுற்றுவட்டாரத்தில் சும்மா கிடக்கும் ஒலிபெருக்கியைக் காண்பது அரிது. குற்றாலத்தில் ஐப்பசி விசு, தென்காசிக் கோயிலில் ஐப்பசித் திருக்கல்யாணம், பண்பொழித் திருமலையில் கந்த சஷ்டி. கார்த்திகை பிறந்ததும் செங்கோட்டைச் சாலை முழுக்க ஐயப்பமார். கிறிஸ்தவர்களுக்கு நவம்பர் 2 கல்லறைத் திருநாள், அப்புறம் திருவருகைக் காலம், டிசம்பரில் வீடு வீடாகக் கீத பவனி. அறுப்பின் பண்டிகையும், சபையார் கூடி உண்ணும் அசனப் பண்டிகையும் ஊருக்கு ஊர் தேதி மாறும். ஆனால் ஒலிபெருக்கிக்காரருக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும் என்பதில் எந்தச் சபைக்கும் விதிவிலக்கு இல்லை.

பண்டிகையின் பூர்வீகம் கொஞ்சம் வேடிக்கையானது. இன்றைக்கு ஆங்கிலத் திருச்சபைகளில் நடக்கும் வடிவத்தில் அறுப்பின் பண்டிகையை 1843-இல் தொடங்கி வைத்தவர், கார்ன்வால் கடலோரத்தில் மார்வென்ஸ்டோ என்ற சின்ன ஊரின் குருவான ராபர்ட் ஸ்டீபன் ஹாக்கர். இளவயதில் கடற்கன்னி வேடம் போட்டுப் பாறையில் உட்கார்ந்து ஊரை ஏமாற்றினார் என்று அவரைப் பற்றிக் கதை உண்டு. அங்கே கோதுமை அறுத்து முடிந்து, குளிர் இறங்கும் நேரத்தில் அந்தப் பண்டிகை வரும். அதே மாதங்களில் இங்கே கார் பருவ நெல்லை அறுத்துவிட்டுப் பிசானப் பருவத்துக்கு நாற்றுப் பாவிக்கொண்டிருப்பார்கள். விவசாயியின் கையில் இருப்பதை விட மண்ணில் போட்டிருப்பது அதிகம். ஆனாலும் தென்னைக்கு மாதக் கணக்குக் கிடையாது, கோழிக்கும் கிடையாது. காணிக்கை மேசை காலியாக இருந்ததாக யாரும் சொன்னதில்லை.

மேசையில் இருப்பவை: தேங்காய், வாழைத்தார், பூசணி, ஒரு படி நெல், வீட்டில் சுட்ட அதிரசம், கருப்பட்டி, கால் கட்டிய சேவல். முதற்பலனைக் கூடையில் வைத்துக் குருவிடம் கொடுக்கும் முறை உபாகமம் 26-ஆம் அதிகாரத்திலேயே இருக்கிறது. கொடுத்த பிறகு கூடையை ஏலம் விடுவது பற்றி அங்கே பேச்சில்லை. அது இந்த மண் கண்டுபிடித்தது, அல்லது தேவை கண்டுபிடித்தது. பூசணிக்காயைக் கொண்டு ஆலயக் கூரைக்கு ஓடு மாற்ற முடியாது. 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ், பத்தே வருஷத்தில், 1830-இல், புதுக் கிறிஸ்தவர்கள் குடியிருக்க நிலம் வாங்குவதற்காகத் தரும சங்கம் ஒன்றைத் தொடங்கினார். சபைக் காரியத்துக்குச் சபையாரே பணம் போட வேண்டும் என்ற பழக்கம் அந்தக் காலத்திலிருந்தே ஊறியது. வீட்டுப் பெண்கள் உலை வைக்கும்போது எடுத்து வைக்கும் கைப்பிடி அரிசியும் அதே கணக்கில் சேரும்.

இனி முக்கியப் பொருளுக்கு வரலாம். ஆராதனை முடிந்துவிட்டது. சபைக் குருவான ஐயர் மேலங்கியைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஏலம் போடுகிறவர் தேங்காயைத் தலைக்கு மேலே தூக்குகிறார். இந்த வேலைக்குச் சம்பளமும் கிடையாது, தேர்தலும் கிடையாது. குரல் இருப்பவர், ஊர் உறவு முறை முழுக்கத் தெரிந்தவர், யாருக்கு யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்பதையும் அறிந்தவர் தானாகவே அந்த இடத்துக்கு வந்துவிடுகிறார்.

“தேங்கா நூறு ரூவா. நூறு ரூவா ஒரு தரம். நூறு ரூவா ரெண்டு தரம்...”

இங்கே நிறுத்துகிறார். நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கிறார். அப்புறம் மூன்றாம் வரிசையைப் பார்த்து, “என்னா அண்ணாச்சி, ஒங்க தோப்புத் தேங்காயில்லா? நூறு ரூவாய்க்கு அடுத்த வீட்டுக்குப் போவட்டும்ங்கியளா?” என்கிறார். அண்ணாச்சி நூற்றைம்பது என்கிறார். எண்ணிக்கை அழிந்து மறுபடி ஒரு தரத்தில் தொடங்குகிறது. மறுபடி ரெண்டு தரம். மறுபடி தண்ணீர். இந்த முறை பார்வை பெண்கள் பக்கம்: “அத்த, மருமவன் மும்பைல இருந்து வந்துருக்காவளாமே, கண்ணுலயே காணும்?” மருமகன் தூணுக்குப் பின்னால் நிற்கிறார். இருநூறு என்கிறார். அவர் இருநூறு என்றதும் அவருடைய மைத்துனர் இருநூற்றைம்பது என்கிறார். மாமன் மச்சான் போட்டியில் அதற்கு மேல் நியாயம் கேட்க முடியாது.

ஆக, ரெண்டு தரத்துக்கு அப்புறம் வரும் அந்த இடைவெளி வெறும் காத்திருப்பு அல்ல; ஏலக்காரர் வேலை செய்யும் நேரமே அதுதான். அதன் நீளத்தை நீட்டுபவை எவை என்று ஆராய்ந்தால் பொருளின் விலை கடைசியில்தான் வருகிறது. கூட்டத்தில் வெளியூர்க்காரர் இருந்தால் நீளும். புது மாப்பிள்ளை இருந்தால் இன்னும் நீளும். காணிக்கை கொடுத்தவரே எதிரில் உட்கார்ந்திருந்தால், அவர் முகம் மலரும் வரை நீளும். பொருள் சேவலாக இருந்து, அது கட்டை அவிழ்த்துக்கொண்டு ஓடிவிட்டால் கணக்கே வேறு: பிடித்து வரும் வரை ரெண்டு தரம் ரெண்டு தரமாகவே நிற்கும், பையன்கள் கல்லறைப் பக்கம் ஓடுவார்கள், அந்த ஓட்டத்தைப் பார்த்தவர்கள் ஐம்பது ரூபாய் கூடுதலாகவே கேட்பார்கள்.

குறுக்குகிற சக்தி ஒன்றே ஒன்று. ஆலயத்துக்குப் பின்னால் அண்டாவில் அசனம் வெந்துகொண்டிருக்கிறது. “சோறு எறக்கியாச்சு” என்ற செய்தி காதோடு காதாக வந்து சேர்ந்த பிறகு எந்த ஏலக்காரராலும் ரெண்டு தரத்தைப் பிடித்து நிறுத்த முடியாது. கறிக் குழம்பின் வாசனை வந்தபின் விழும் மூணு தரங்களில் பொருள்கள் மலிவாகப் போகின்றன. அனுபவசாலிகள் பூசணிக்காய்க்கு அந்த நேரம் வரை வாயைத் திறப்பதில்லை.

ஏலத்தை எப்போது முடிப்பது என்ற இதே சிக்கலை இங்கிலாந்துக் கிராமம் ஒன்று வேறு விதமாகத் தீர்த்திருக்கிறது. பெர்க்‌ஷயரில் ஆல்டர்மாஸ்டன் என்ற ஊரில் ஆலயத்துக்குச் சொந்தமான ஒரு துண்டு நிலம் உண்டு. அதன் குத்தகையை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை, டிசம்பரில், மெழுகுவத்தி கொளுத்தி ஏலம் விடுகிறார்கள். திரிக்கு ஓர் அங்குலம் கீழே குதிரை லாட ஆணி ஒன்றைக் குத்தி வைப்பார்கள். மெழுகு உருகி ஆணி விழும் கணத்தில் யார் கேட்ட தொகை கடைசியாக நின்றதோ, நிலம் அவருக்கு. ஒரு தரமும் இல்லை, ரெண்டு தரமும் இல்லை. யாருக்கும் தண்ணீர் தாகம் எடுப்பதில்லை.

மெழுகுவத்தியையும் ஏமாற்ற ஆள் இருந்தார்கள். லண்டனில் கடற்படை அலுவலகத்தில் வேலை பார்த்த சாமுவேல் பீப்ஸ் தன் நாட்குறிப்பில், 1662 செப்டம்பரில் பழைய கப்பல்களை இப்படி ஏலம் விட்டதை எழுதுகிறார். ஒருவர் மட்டும் ஒவ்வொரு முறையும் சரியான கணத்தில் கேட்டு வென்றாராம். விசாரித்ததில், சுடர் அணையப் போகிற கணத்தில் புகை கீழ்நோக்கி இறங்கும், அதைப் பார்த்துக் கேட்டேன் என்றாராம். நம் ஊர் அனுபவசாலிகளுக்குக் குழம்பு வாசனை, அவருக்குப் புகை. இரண்டும் மூக்குப் பக்கத்துச் சங்கதிதான்.

பொருளாதார அறிஞர்கள் இந்த இடத்துக்கு மெல்ல வந்து சேர்ந்தார்கள். ஏலத்தை எப்படி முடிப்பது என்பது பற்றி ஆல்வின் ராத்தும் ஆக்செல் ஓக்கன்ஃபெல்ஸும் 2002-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஈபே தளத்தில் ஏலம் குறித்த நொடியில் முடிந்துவிடும். அதனால் எல்லோரும் கடைசி நிமிஷம் வரை பதுங்கியிருந்து பாய்ந்தார்கள். அன்றைய அமேசான் ஏலத்திலோ கடைசிப் பத்து நிமிஷத்தில் யாராவது கேட்டால் நேரம் தானாக நீளும்; அங்கே பதுங்கல் குறைவு. நேரம் நீளும் இந்த ஏற்பாட்டை, இணையம் வருவதற்கு வெகு காலம் முன்பே, ஒரு செம்புத் தண்ணீரை வைத்துக்கொண்டு நம் ஏலக்காரர்கள் நடத்திக்கொண்டிருந்தார்கள். ராத்துக்கு 2012-இல் நோபல் கிடைத்தது. அது சந்தைகளை வடிவமைக்கும் வேறு வேலைக்காக. ஏலக் கோட்பாட்டுக்கென்றே 2020-இல் பால் மில்குரோமும் ராபர்ட் வில்சனும் பெற்றார்கள். திருநெல்வேலித் திருமண்டலத்துக்கு ஸ்டாக்ஹோமிலிருந்து ஒரு கடிதமும் வரவில்லை.

வில்சன் ஆராய்ந்தவற்றில் ஒன்று வென்றவரின் சாபம்: ஏலத்தில் ஜெயித்தவர் பெரும்பாலும் பொருளின் மதிப்புக்கு மேல் கொடுத்தவராகவே இருப்பார், அந்தப் பயத்தில் எல்லோரும் கொஞ்சம் குறைத்தே கேட்பார்கள். ரோமில் கி.பி. 193-இல் காவல் படை வீரர்கள் பேரரசையே ஏலம் விட்டபோது இது நிரூபணம் ஆயிற்று. ஒருவர் வீரனுக்கு 20,000 நாணயம் என்றார். டிடியஸ் ஜூலியானஸ் கத்தியும் விரலைக் காட்டியும் ஒரே தாவலில் 25,000 என்றார். ஜெயித்தார், 66 நாளில் உயிரை விட்டார். அறுப்பின் பண்டிகையில் இந்தக் கோட்பாடு செல்லுபடி ஆகாது. ஐந்நூறு ரூபாய் கொடுத்துத் தேங்காயை வாங்கியவர், “இருக்கட்டும், திரும்ப ஏலத்துல வையுங்க” என்று அதை மேசைக்கே அனுப்பிவிடுகிறார். ஒரே தேங்காய் ஒரே மதியத்தில் பல கைகளுக்குப் போய், ஒவ்வொரு முறையும் பணம் கொண்டுவந்து, கடைசியில் யார் வீட்டுச் சட்டினிக்கோ போகிறது. இங்கே உள்ள சாபம் வேறு: இந்த வருஷம் ஐந்நூறுக்கு எடுத்தவரால் அடுத்த வருஷம் முந்நூறோடு நிற்க முடியாது.

ஏலத்தில் விலை எகிறுவது எங்கும் உள்ளதுதானே என்று கேட்கலாம். விழுப்புரம் மாவட்டம் திருவெண்ணெய்நல்லூர் அருகே முருகன் கோயிலில் பங்குனி உத்திரத்துக்கு வேலில் செருகும் எலுமிச்சைகளை ஏலம் விடுகிறார்கள். 2024-இல் ஒன்பது பழங்கள் சேர்ந்து இரண்டு லட்சத்துக்கு மேல் போயின. அதே பழத்தைப் புளியங்குடிச் சந்தையில் மூட்டையாக வாங்கலாம். ஐதராபாத் பாலாப்பூரில் பிள்ளையார் லட்டு 1994-இல் 450 ரூபாய்க்குப் போனது, 2024-இல் 30 லட்சத்தைத் தாண்டியது. ஆனால் அந்த எலுமிச்சையில் பிள்ளை வரம் இருக்கிறது, லட்டில் ஐசுவரியம் இருக்கிறது என்ற நம்பிக்கையில் வாங்குகிறார்கள். அறுப்பின் பண்டிகைத் தேங்காய்க்கு அப்படி எந்தச் சிறப்பையும் சபை சொல்வதில்லை. அது தேங்காய்தான். அதற்கு விலை ஏற்றுவது மூன்றாம் வரிசையும் தூணுக்குப் பின்னால் நிற்கிறவரும்தான்.

அப்படியானால் ஆல்டர்மாஸ்டன் முறையை இங்கேயும் கொண்டுவரலாமா? கூடாது என்பதே இந்த ஆய்வின் தீர்ப்பு. ஐப்பசிக் காற்றில் மெழுகுவத்தி ஒரு தரம் கூடத் தாங்காது. காற்றைச் சமாளித்தாலும் மின்விசிறி விடாது. அதை விட, மருமகன் மும்பையிலிருந்து வந்திருப்பது ஆணிக்குத் தெரியாது.

சபைக் கமிட்டிகளுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். ஏல நோட்டில் பொருள், பெயர், தொகை, “பாக்கி” என்று எழுதுகிறீர்கள். இனி அதோடு, “ரெண்டு தரம்” எத்தனை முறை சொல்லப்பட்டது என்பதற்கும் ஒரு கட்டம் போட்டுவிடுங்கள். சேவல் ஓடிய நேரத்தை அதில் சேர்க்காமல் தனியாகக் குறித்தால் அடுத்து வரும் ஆய்வாளருக்கு வசதியாக இருக்கும்.