ஓணம் வந்தது, முடிவு வரவில்லை

கேள்வி: எம்.எட். முடித்துவிட்டேன். உள்ளூரில் பிஎச்.டி. இடம் தயார். ஜே.ஆர்.எஃப். முடிவு வந்த பிறகு சேரலாம் என்கிறார் அப்பா. என்ன செய்ய?
– ஒரு வாசகி, தைக்காடு, திருவனந்தபுரம்

பதில்: ஜே.ஆர்.எஃப்.-க்கான நெட் தேர்வு 2024 ஜூன் 18 அன்று நடந்தது; அதை மறுநாளே ரத்து செய்தார்கள். மறுதேர்வு வைத்து முடிவு வெளியிட அக்டோபர் ஆயிற்று. மகாபலியே நடுவில் ஒருமுறை ஓணத்துக்கு உங்கள் ஊருக்கு வந்துவிட்டுப் போய்விட்டார்! இடத்தை விடாதீர்கள். ஆனால் சேருமுன் வழிகாட்டியைப் பற்றி அவரிடம் படிக்கும் மாணவர்களிடம் விசாரியுங்கள் (கல்யாணத்துக்கு விசாரிப்பதைவிடக் கறாராக). ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய் வந்தாலும், நீங்கள் எழுதித் தரும் அத்தியாயத்தைப் படிக்காமலே வைத்திருப்பவர் வழிகாட்டியாக வாய்த்தால் கஷ்டம். அப்பாவிடம் கட்டணம் கட்டக் கடைசித் தேதியை மட்டும் சொல்லுங்கள்.