பொன்னாடை வேண்டாம், பாக்கியைத் தாருங்கள்

ஒக்டோபர் 1, முதியோர் தினம் வந்துவிட்டால் பன்வில பக்கம்கூட அன்பு பொங்கிவிடுகிறது. மேடை, மைக், பொன்னாடை. தோட்டத்துக் கிழவிகளை லயத்திலிருந்து இறக்கி முன்வரிசையில் உட்காரவைத்து, பெற்றோரை எப்படிப் பேணுவது என்று அவர்களுக்கே வகுப்பு எடுப்பார்கள். தினமும் பக்கத்தில் உட்கார்ந்து பேச வேண்டுமாம். நேரத்துக்குச் சூடாகச் சாப்பாடு கொடுக்க வேண்டுமாம்.

அட மகராசன்களா! பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் பிள்ளைகளோடு மாமியாரையும் வைத்துக்கொண்டு, பெரட்டுக்கு ஓடுமுன் வெந்நீர் வைத்து, கிழவியின் முழங்காலுக்குத் தைலம் தேய்த்து, ரொட்டியைச் சாயத்தண்ணியில் ஊறவைத்து ஊட்டிவிட்டுக் கூடையை மாட்டுகிறாளே மருமகள், அவளுக்கா அன்பு சொல்லித்தருகிறீர்கள்? அவள் உங்கள் கூட்டத்துக்கு வரவில்லை. வந்தால் அரைப்பேர்தான், அரைநாள் சம்பளம்தான் விழும்.

பெற்றோரைக் கைவிடும் பிள்ளைகளைத் தட்டிக்கேட்க 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பராமரிப்புச் சபையில் தாய் மனுப் போடலாம். அருமையான சட்டம். இதே அரசு 1983இல் இன்னொரு சட்டமும் செய்தது: வேலையை விட்டு 30 நாளுக்குள் சேவைக்காலப் பணம் கைக்கு வர வேண்டும், நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம். அதைக் கொடுக்காமல் ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தவர்கள் யார்? கண்டி, மாத்தளை மலைகளில் தோட்டம் நடத்தும் ஜனவசம எனும் மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபை, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம், எல்கடுவ பெருந்தோட்டக் கம்பனி. மூன்றும் அரசின் சொந்தப் பிள்ளைகள். ஊழியர் சேமலாப நிதிக்குக் கிழவியின் சம்பளத்தில் வெட்டிய 8 வீதத்தைக்கூடக் கட்டாமல் நிலுவை வைத்தார்கள். அவள் காசு ஐயா அது!

2017இல் கூடையை இறக்கிவைத்த ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். அடிப்படைச் சம்பளம் 500 ரூபாய். முப்பது வருடச் சேவைக்கு 2,10,000. அன்றே கொடுத்திருந்தால் கூரைத் தகரமாவது மாற்றியிருப்பாள். 2022இல் ரூபாய் கவிழ்ந்து, அரிசி, மருந்து, பஸ் கட்டணம் எல்லாம் எகிறின. அவளுடைய கணக்கு மட்டும் 500 ரூபாயிலேயே நிற்கிறது. கேட்கப் போனால் வத்தேகம வழியாகக் கண்டிக்கு பஸ் ஏற வேண்டும். அங்கே கடிதத்தை வாங்கிவைத்துக்கொண்டு ‘பிறகு வாங்க அம்மா’ என்பார்கள். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.

நிலுவையோடு கண்ணை மூடியவர்களுக்கும் ஒரு வழி உண்டு: மரணச் சான்றிதழோடு வாரிசுகள் அதே பஸ்ஸில் ஏறலாம்.

ஆகவே கிழவிகளே, அடுத்த ஒக்டோபரில் மேடைக்குப் போகாதீர்கள். பராமரிப்புச் சபைக்குப் போங்கள். உழைத்து வளர்த்த பிள்ளை கைவிட்டுவிட்டது என்று எழுதிக் கொடுங்கள். பிறப்புச் சான்றிதழ் கேட்டால், 1975இல் தோட்டங்களை அரசுடைமையாக்கிய சட்டத்தை நீட்டுங்கள். பிரதிவாதியின் விலாசம் கேட்பார்கள். எழுதுங்கள்: திறைசேரி, கொழும்பு 1.